ஜெனரேட்டர் எந்த மாடியில்?

எங்கள் திருநெல்வேலியில் குறுக்குத்துறை என்று ஒரு படித்துறை இருக்கிறது. தாமிரபரணிக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே முருகனுக்கு ஒரு கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகிப் போகும். முருகனுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. கோயிலின் சுவரைப் படகின் மூக்கு மாதிரி கூராகக் கட்டி வைத்திருக்கிறார்கள்; வருகிற வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போய்விடும். மழை வலுக்கிறது என்று தெரிந்ததுமே உற்சவ மூர்த்தியையும் உண்டியலையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எதை முதலில் எடுப்பது, யார் தூக்குவது, எங்கே கொண்டு போய் வைப்பது என்றெல்லாம் அந்த நேரத்தில் யாரும் கூடிப் பேசுவதில்லை. தண்ணீர் வடிந்ததும் மணலை வாரிக் கொட்டிவிட்டு, கழுவி விட்டு, மறுபடி பூஜை நடக்கும்.

என் மாமியாருக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிற்றே என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

மாமியார் கதை என்றதும் நீங்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அதை இங்கே எழுத மாட்டேன். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் டயாலிசிஸ். சிந்துபூந்துறையில் எங்கள் வீடு. ஜங்ஷன் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாமே. ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷம். நான்கு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருப்பார்கள். ஊர் வம்பு முழுவதையும் நர்ஸுப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடுவார்கள். இரண்டு வருஷமாக இது எங்கள் வீட்டில் பால்காரர் வருவது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

2023ஆம் வருஷம் டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. விடியற்காலையில் கோலம் போடலாம் என்று பூசணிப் பூகூட வாங்கி வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் வாசல் இல்லை. மழை என்றால் மழையா அது! வானம் கவிழ்ந்து கிடந்தது. மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியதை ஒரு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த தண்ணீரும், வழியில் பெய்த தண்ணீரும் சேர்ந்து ஆற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழ்ந்துகொண்டது. ஊருக்கு உதவி அனுப்ப வேண்டியவர்கள் தாங்களே படகுக்குக் காத்திருக்கும்படி ஆயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே ரிடையர்டு வாத்தியார் குடும்பம். ஞாயிறு மத்தியானத்துக்குள் அவர்கள் வீட்டுக் கட்டில் மிதக்க ஆரம்பித்ததும் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் செல்போனில் கோடுகளும் போயின. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி எவ்வளவு இருக்கிறது, காஸ் எத்தனை நாளைக்கு வரும் என்பதுதான். அத்தை மட்டும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, நாளைக்குத் திங்கக்கெழமல்லா" என்றார்கள்.

எனக்குச் சொரேர் என்றது.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு: ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். குடிதண்ணீர்கூடப் போதாது, அதைவிடச் சுத்தமாக வடிகட்டியது. அதற்கு ஒரு பிளான்ட், பிளான்ட்டுக்கு மின்சாரம், மெஷினுக்கு மின்சாரம். ஊரெல்லாம் தண்ணீராக நிற்கிறது. ஆற்றுக்குள் இருந்த குடிதண்ணீர் உறைகிணறுகள் கெட்டு, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த வேடிக்கையை என்னவென்று சொல்வது!

திங்கட்கிழமை காலையில் எதிர் மாடிப் பையன் ஒருவனுக்கு மட்டும் அதிசயமாக சிக்னல் கிடைத்தது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி அவன் நீட்டிய போனில் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். நாலைந்து தடவை அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். "சார், ஜெனரேட்டர் முங்கிப் போச்சு. ஒண்ணும் ஓடல. நீங்க வேற எங்கயாச்சும் பாத்துக்கிடுங்க" என்றது குரல்.

ஜெனரேட்டரை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? கட்டடத்துக்கு அடியில், கார் நிறுத்துகிற பள்ளத்தில். மின்சாரம் போனால் உதவட்டும் என்றுதான் ஜெனரேட்டர். மழையில்தான் மின்சாரம் போகும். மழைத் தண்ணீர் முதலில் பள்ளத்துக்குத்தான் போகும். இந்த மூன்றையும் ஒருவரும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. அவர்களை மட்டும் சொல்வானேன்? இரண்டு வருஷமாக வாரம் இரண்டு நாள் அந்தப் பள்ளத்தின் பக்கமாகத்தானே நானும் அத்தையைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன்! அந்த மெஷின் கடகடக்கும்போது காதைப் பொத்திக்கொண்டேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று பார்த்தேனா?

அதே போனில், சார்ஜ் தீர்வதற்குள், மதுரையில் இருக்கும் எங்கள் உறவுக்கார டாக்டர் ஒருவரைப் பிடித்தோம். அவர் படபடவென்று சொன்னதை வாத்தியார் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டார். தண்ணீர், காபி, கஞ்சி எல்லாம் சேர்த்து நாள் ஒன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. உப்பு கூடாது. வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, தக்காளி, கீரை எதுவும் கூடாது. இவற்றில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இருதயம் நின்றுவிடலாம். காய்கறி வேண்டுமானால் நறுக்கி வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேக வைக்க வேண்டும். வடித்த சோறு சாப்பிடலாம். மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும் போலிருந்தால், தாமதிக்கக் கூடாது. "எப்படியாவது கொண்டு போயிடுங்க" என்றார். எப்படியாவது என்பதுதான் எப்படி என்று கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் முதல் படகு வந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மீனவப் பிள்ளைகள். புண்ணியவான்கள்! பிரெட், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு நாட்டுப்பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எல்லாம் மாடிக்குத் தூக்கிப் போட்டார்கள். ஒரு பையன் அத்தையைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு இளநி தாரேன்" என்று இரண்டு இளநீரையும் எடுத்து நீட்டினான். அத்தைக்கு இளநீர் என்றால் உயிர். இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை. அவர்கள் அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, வாத்தியார் பேத்தியிடம் கொடுத்தார்கள். மனமுவந்து கொடுத்த அத்தனை பொருளிலும் அத்தைக்கு ஆகக்கூடியது பிரெட் மட்டும்தான்; அதிலும் உப்பு. அந்தப் பொட்டலக் கரைசல் இருக்கிறதே, வயிற்றுப்போக்குக்கு அமிர்தம்; அதிலும் பொட்டாசியம் உண்டு.

அன்றிரவு அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலையணை மூன்றை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தோம். கால் வீங்கி, மெட்டி விரலில் புதைந்துவிட்டது. 108க்குச் சொல்லலாமென்றால் போன் வேண்டுமே! 2008லிருந்து நம் தமிழ்நாட்டில் ஓடுகிற 108ஐப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் சக்கரம்தானே, துடுப்பு இல்லையே. இருட்டில் ஆறு இரைகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை கண்ணை மூடியபடியே, "சுலோசன முதலியார் பாலம் நிக்குதாட்டி?" என்று கேட்டார்கள்.

ஏன் கேட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843ல் திறந்த பாலம் அது. அதற்கு அவருடைய மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தாராம். எங்கள் ஊரில் பெண்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பாலத்தை விட நகைகளைத்தான் விஸ்தாரமாக வர்ணிப்பார்கள். "நிக்குது அத்தை" என்றேன். நின்றதா என்று எனக்கு அப்போது தெரியாது. நின்றிருந்தாலும் பாலத்துக்குப் போகிற வண்ணார்பேட்டைச் சாலையில் ஆள் முழுகத் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதே மீனவப் பையன் வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையைக் காட்டினேன், அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் கட்டி, மாடிப்படி வழியாக நாலு பேர் தூக்கிப் படகில் இறக்கினார்கள். மேம்பாலம் வரைக்கும் படகு. அங்கிருந்து ஒரு ஜீப். அது எங்கெங்கேயோ சுற்றிக்கொண்டு போய், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் எங்களை இறக்கிவிட்டது.

1965ல் இந்த மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்ததிலிருந்து ஊர்க்காரர்கள் அதை 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். பெயருக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மேட்டு நிலம்! அதே நாளில் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்து நோயாளிகள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சர்க்கார் ஆஸ்பத்திரி. இரண்டிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் மேடு வாய்த்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் வந்தார். தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும், முகத்தில் தெரிந்தது. மூன்று கேள்வி கேட்டார். கடைசியாக டயாலிசிஸ் செய்தது எப்போது? வியாழக்கிழமை, அதைச் சொல்லிவிட்டேன். தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை எவ்வளவு? நான் விழித்தேன். நாற்காலியில் இருந்தபடியே அத்தை, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "நாப்பத்தொம்பதரை" என்றார்கள். மூன்றாவது: மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனை, அதாவது ஹெபடைட்டிஸ் பி, சி ரிப்போர்ட் எங்கே? அந்தக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின்; தெரியாமல் ஒரே மெஷினில் போட முடியாது. ரிப்போர்ட் பழைய ஆஸ்பத்திரி பைலில் இருந்தது. பைல் தரைத்தளத்து அலமாரியில் இருந்தது. ஒரு படம் இவர் போனில் இருந்தது. போன் செத்துக் கிடந்தது. உடனே ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அத்தையை மெஷினில் போட்டார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று கடிகாரத்தைக் கேட்டால் ஒன்று சொல்லும், என்னைக் கேட்டால் வேறொன்று சொல்வேன். ராத்திரி பத்தரைக்கு அத்தை கண்ணைத் திறந்து, "அந்தப் பையனுக்குச் சாப்பாடு போட்டியா?" என்றார்கள்.

அந்த மூன்று நாளில் எங்களைவிட எத்தனையோ பேர் கஷ்டப்பட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பேர் சுற்றிலும் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். மொட்டை மாடியில் தவித்த ஒரு கர்ப்பிணியையும் குழந்தையையும் விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போயிற்று. படத்தைப் பார்த்து எல்லாரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தி மகள் சுகாதார நர்ஸாக இருக்கிறாள். தண்ணீர் வடிந்த பிறகு பார்க்கப் போனேன். அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பச்சை அட்டை, நூறு பக்கம். தன் ஊர்களில் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதியில் பிரசவம், எந்தத் தெரு, யார் துணை, ரத்தம் குறைவா, முதல் பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்ததா, எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறாள், அது சர்க்காருக்கு. நோட்டு அவளுக்கு. மழை எச்சரிக்கை வந்ததுமே, அடுத்த சில நாட்களில் பிரசவமாகக் கூடியவர்களை வீடு வீடாகப் போய்க் கிளப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். "ஒரு மாமியா மட்டும் மார்கழி மாசம் வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன்னு நின்னா அக்கா. நான் வாசப்படியிலயே உக்காந்துட்டேன். எனக்குக் காப்பி போட்டுத் தந்துட்டு அனுப்பி வச்சா" என்றாள். ஹெலிகாப்டர் தேவைப்படாதபடி செய்தவளைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. அவளுடைய நோட்டு நனையாமல் எப்படித் தப்பியது என்று கேட்டேன். அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாளாம்.

இதன் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்கிற மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஜெனரேட்டர் எந்த மாடியில்? டீசல் எத்தனை மணி நேரத்துக்கு? மருந்து ஸ்டோர் தரைத்தளமா? டயாலிசிஸ் நோயாளிகளின் போன் நம்பர் காகிதத்தில் இருக்கிறதா, கம்ப்யூட்டருக்குள் மட்டும்தானா? நீங்கள் மூடும்படி ஆனால் எங்களை எங்கே அனுப்புவீர்கள், அவர்களிடம் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கிறீர்களா? ஒரு இடத்தில் ரிசப்ஷன் பெண், "மேடம், நீங்க இன்ஸ்பெக்ஷனா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று, யாரோ எவரோ போலப் போஸ்டர் படிப்பார்.

என் பைத்தியத்துக்கு உலக சுகாதார ஸ்தாபனத்திலேயே துணை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஓர் ஆஸ்பத்திரி ஆபத்துக் காலத்தில் தாங்குமா என்று சோதிக்க நூற்றைம்பது கேள்விகளுக்கு மேல் கொண்ட ஒரு பட்டியலை அவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். தூணும் சுவரும் ஒரு பகுதி. தண்ணீர்த் தொட்டி, மின்சாரம், ஆக்ஸிஜன் ஒரு பகுதி. ஆள், பயிற்சி, யாருக்கு யார் போன் செய்வது என்பது ஒரு பகுதி. விடைகளைக் கூட்டி ஆஸ்பத்திரிக்கு ஏ, பி, சி என்று மார்க் போடுவார்கள். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2016ல் ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக்கென்று வழிமுறைப் புத்தகம் போட்டிருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் முழுகி, தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் இறந்துபோன செய்தியைப் படித்துப் பதறினோம். பதறிவிட்டு மறந்தும் போனோம்.

நம் ஊர் லட்சணம் இதுதான் என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். 2012ல் நியூயார்க் நகரத்தில் சாண்டி என்ற புயல் அடித்தது. அங்கே பெல்வியூ என்று பழமையான பெரிய ஆஸ்பத்திரி. புத்திசாலிகள்; ஜெனரேட்டரைப் பதின்மூன்றாவது மாடியில் வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு டீசல் ஏற்றுகிற பம்பைத் தரைக்கு அடியில் வைத்துவிட்டார்கள்! பம்பு முழுகிற்று. ஆட்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று, டீசலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடி ஏற்றினார்கள். பக்கத்திலேயே இன்னொரு ஆஸ்பத்திரியில், பிறந்து சில நாளே ஆன சிசுக்களை நர்ஸுகள் கையில் ஏந்தி இருட்டுப் படிகளில் இறங்கினார்கள். இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அங்கயும் நம்மாளுதான் பம்பு வச்சிருப்பான்" என்றார்கள்.

எங்கள் சீமையில் இந்தக் கணக்கெடுப்பு வழக்கம் புதிதும் அல்ல. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கங்களில் ஒரு விஷக் காய்ச்சல் ஊர் ஊராகச் சூறையாடிய சமயம், கும்பினி சர்க்கார் டாக்டர்கள் கமிட்டி ஒன்றை ஏற்படுத்தி விசாரித்தது. வில்லியம் ஐன்ஸ்லி என்பவர் அதில் ஒருவர். அறிக்கை 1816ல் லண்டனில் புத்தகமாகவே வந்தது. ஜனங்கள் செத்த பிறகு எழுதினது, என்றாலும் எழுதினார்கள். சமீபத்தில் நல்லபடியாகவும் ஒன்று நடந்தது. 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்ஸிஜனுக்கு நாடே தவித்தபோது, எங்கள் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களுக்காக இருந்த திரவ ஆக்ஸிஜன் டாங்கர் லாரிகளில் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. கையில் என்ன இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் நடந்த காரியம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இப்போது எங்கள் மாடியில், சுவாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று தொங்குகிறது. அத்தையின் மருந்துச் சீட்டு, கிருமிப் பரிசோதனை ரிப்போர்ட், எடை, ரத்த குரூப், இரண்டு ஆஸ்பத்திரிகளின் நம்பர், எல்லாம் காகிதத்தில். ஒரு வார மருந்து. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு பொடி. அதை டாக்டர் சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. கீழ் வீட்டு வாத்தியாருக்கு இன்சுலின் உண்டு; அவர் ஒரு புது மண்பானையும் மணலும் வைத்திருக்கிறார். பிரிட்ஜ் நின்றால் ஈர மணலில் பானையைப் பதித்து, மருந்தை நனையாமல் டப்பாவில் போட்டு உள்ளே வைத்தால் வெயில் தாக்காது. ஐஸில் நேராக வைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும் என்று அவர் தெருவெல்லாம் பிரசங்கம் செய்கிறார். இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டோம்: வயிற்றில் குழாய் வைத்து, மருந்துத் தண்ணீர்ப் பையைக் கொக்கியில் மாட்டி, வீட்டிலேயே செய்துகொள்கிற டயாலிசிஸ் ஒன்று இருக்கிறது. மின்சாரமே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அத்தைக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டோம். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அத்தை யோசிக்கவே இல்லை. வீட்டில் செய்துகொண்டால் ஊர் வம்பு யார் சொல்வார்கள் என்றார்கள்.

ஆகவே பழைய ஆஸ்பத்திரிக்கேதான் மறுபடி போகிறோம். நர்ஸுப் பெண்கள் பழகினவர்கள்; ஆட்டோவுக்குப் பத்து நிமிஷம். கோபம் எத்தனை நாளைக்கு இருக்கும்? போன ஐப்பசியில் அங்கே ஒரு மாறுதல் தெரிந்தது. ஜெனரேட்டரைப் பள்ளத்திலிருந்து எடுத்து, வாசல் பக்கத்தில் சிமெண்டு மேடை கட்டி ஏற்றி வைத்திருந்தார்கள். மேடை மூன்றடி இருக்கும். புதுப் பெயிண்ட், சுற்றிலும் கம்பி வேலி. மானேஜர் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ளப் பக்கத்து டீக்கடைக்கு நடந்தார்கள். அந்தக் கடைக்காரர் தூணில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார்; அவ்வளவு உயரம் வந்தது அன்றைக்குத் தண்ணீர். அத்தை தூணோடு ஒட்டி நின்றார்கள். கோடு அவர்கள் தோளுக்கு இருந்தது. நின்ற இடத்திலிருந்தே மானேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வருஷம் மொட்டை மாடிக்கே ஏத்திடுவோம் ஆச்சி. கிரேனுக்குச் சொல்லியிருக்கு" என்றார்.

"சரிய்யா, டீசல் பம்பு எங்க வைப்பீங்க?" என்றார்கள் அத்தை.

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் டீக்கடை போர்டில் வடை விலையைப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையில் இருந்த பில்லின் பின்பக்கத்தில் அவர் என்னவோ எழுதிக்கொண்டார்.